உப்பையும் உரமென்று எண்ணும் கருவி: இராமநாதபுரம் மாவட்டத் தோட்டக்கலைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

2025இல் திருத்தப்பட்ட ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்க வழிகாட்டுதலில் மண்ணில்லா வேளாண்மைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இனி மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, சாயல்குடி, தொண்டி என்று கடலோரம் நெடுக இருந்து ஹைட்ரோபோனிக்ஸ் திட்ட அறிக்கைகள் உங்கள் மேசைக்கு வரக்கூடும். அவற்றில் "தானியங்கி ஊட்டச்சத்துக் கட்டுப்பாட்டுக் கருவி" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே ஒரு பெருந்தொகையும் இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றியதே இந்த மடல். ஈ.சி. அளவை, அதாவது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை, மட்டும் பார்த்து உரம் ஊற்றும் கருவியை, போர்வெல் தண்ணீரில் ஓடும் பண்ணைக்கு, இந்தக் கடற்கரையில் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறோம்.

கருவி எளிமையானது. ஒரு பெட்டி, தொட்டிக்குள் இரண்டு சென்சார், கரைசலை அளந்து தள்ளும் மூன்று அல்லது நான்கு சிறிய டோசிங் பம்ப். ஈ.சி. குறித்த அளவுக்குக் கீழே போனால் ஏ, பி என்ற இரண்டு உரக் கரைசல்களின் பம்ப் ஓடும். பி.எச். (அமில-கார அளவு) ஏறினால் அமில பம்ப் ஓடும். மூலத் தண்ணீரின் ஈ.சி. 0.2, 0.3 மில்லிசீமன்ஸ் (ஈ.சி.யின் அலகு) என்று இருக்கும் ஊர்களில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். அங்கே தொட்டியில் மின்சாரத்தைக் கடத்துவது ஏறத்தாழ முழுவதும் நாம் போட்ட உரம்தான். ஆனால் ஈ.சி. சென்சாருக்குப் பொட்டாசியமும் சோடியமும் ஒன்று, நைட்ரேட்டும் குளோரைடும் ஒன்று. உப்புத் தண்ணீரில் அது எதை எண்ணுகிறது என்று பாருங்கள்.

1,000 லிட்டர் தொட்டி, லெட்யூஸ் கீரை, ஏறத்தாழ ஆயிரம் செடி. ஒரு நாளைக்கு 150 லிட்டர் தண்ணீர் குடிக்கிறது என்று வைப்போம். ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 120 மில்லிகிராம் சோடியம். இந்தப் பக்கத்துப் போர்வெல்லுக்கு இது அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சமையல் உப்பாகவே இருப்பதாகக் கொண்டால், இந்தச் சோடியமும் அதோடு வரும் குளோரைடும் சேர்ந்து 0.6 மில்லிசீமன்ஸைப் பிடித்துக்கொள்ளும். கருவியை 1.8இல் வைத்தால், முதல் நாளிலேயே உரத்தின் பங்கு 1.2தான். செடி சோடியத்தை மிகக் குறைவாகவே எடுக்கும். எடுத்தது போக லிட்டருக்கு 100 மில்லிகிராம் மிஞ்சினால், 150 லிட்டரில் நாளொன்றுக்கு 15 கிராம் தொட்டியில் தங்கும். பத்து நாளில் 150 கிராம். அப்போது உப்பு மட்டுமே ஏறத்தாழ 1.4ஐக் காட்டும். கருவி 1.8ஐக் கடைப்பிடிப்பதால் உரத்துக்கு மிஞ்சுவது 0.4. முதல் நாள் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

இந்தப் பத்து நாளும் திரையில் 1.8 என்றே இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாது, கைப்பேசிக்குத் தகவலும் வராது. செடியின் அடியிலைகள் வெளுக்கும், குருத்து ஓரம் கருகும். விவசாயி விதையைச் சந்தேகிப்பார், நோய் என்று நினைத்து மருந்தடிப்பார். கருவியைச் சந்தேகிக்க மாட்டார், அது சரியாகத்தானே காட்டுகிறது. சோடியம் வேரில் பொட்டாசியத்தோடும் கால்சியத்தோடும் போட்டி போடுவதால், மிஞ்சிய உரத்திலும் செடிக்குப் போய்ச் சேருவது இன்னும் குறையும்.

இதற்கு வழி உண்டு, செலவும் அதிகமில்லை. உரத்தை ஈ.சி. பார்த்து ஊற்றாமல், தொட்டிக்குள் வரும் தண்ணீரை அளந்து அதற்கேற்ப ஊற்ற வேண்டும். தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயில் துடிப்பு தரும் மீட்டர் ஒன்று. ஒவ்வொரு 10 லிட்டர் உள்ளே போகும்போதும் ஏ கரைசல் இத்தனை மி.லி., பி கரைசல் அத்தனையே மி.லி. தண்ணீரில் எவ்வளவு சோடியம் இருந்தாலும் இந்தக் கணக்கு ஏமாறாது. ஈ.சி. சென்சார் அப்படியே இருக்கட்டும், ஆனால் அதன் வேலை காவல். உரம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஈ.சி. நாளுக்கு நாள் ஏறினால், உள்ளே உப்பு சேருகிறது என்று அது சொல்கிறது. அந்தத் தகவல் மிகவும் பயனுள்ளது. இன்றைய கருவிகளோ அந்த ஏற்றத்தை உரம் என்று எண்ணி பம்ப்பை நிறுத்துகின்றன.

அளவுகள் இப்படி அமையும். 50 லிட்டர் டிரம் இரண்டு, செடிக்குப் போகும் கரைசலைவிட நூறு மடங்கு அடர்த்தி. ஏ டிரம்மில் கால்சியம் நைட்ரேட் 4 கிலோ, 12 சதவீத இரும்பு இ.டி.டி.ஏ. 100 கிராம். பி டிரம்மில் பொட்டாசியம் நைட்ரேட் 2 கிலோ, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 900 கிராம், மெக்னீசியம் சல்பேட் 2 கிலோ, நுண்ணூட்டக் கலவை அதன் பையில் குறித்த அளவு. இரண்டையும் ஒரே டிரம்மில் கலந்தால் கால்சியம் சல்பேட்டும் பாஸ்பேட்டும் சுண்ணாம்பு போல அடியில் படிந்துவிடும். படிந்தது செடிக்குப் போகாது, பம்ப் குழாயையும் அடைக்கும். நல்ல தண்ணீரில் லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 10 மி.லி. சேர்த்தால் ஈ.சி. 1.7 முதல் 1.8 வரை வரும். தொட்டியை முதலில் நிரப்பும்போது இந்த அளவு. அதன்பின் தினமும் சேர்க்கும் தண்ணீருக்கு வெயில் காலத்தில் 7 மி.லி. போதும். வெக்கையில் செடி தண்ணீரை வேகமாகவும் உரத்தை மெதுவாகவும் எடுக்கும். 10 என்றே வைத்தால் உப்போடு சேர்ந்து உரமும் தேங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும்போது மீண்டும் ஏற்றலாம். போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

உப்பு சேர்ந்த கரைசலை எப்போது கொட்டுவது? லெட்யூஸுக்கு ஈ.சி. 2.6ஐத் தாண்டினால் கொட்டலாம் என்பது எங்கள் அளவுகோல். கொட்டும் ஒவ்வொரு முறையும் 1,000 லிட்டர் வெளியேறும். அது தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் போகட்டும். ஊருணிக்கோ கிணற்றோரத்துக்கோ போகக் கூடாது. நைட்ரேட் கலந்த தண்ணீர் குடிநீர் ஊற்றில் இறங்கினால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. திட்ட அறிக்கையில் கழிவுக் கரைசல் எங்கே போகும் என்று வரைபடத்தோடு காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர்ப் பரிசோதனை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது இருக்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறும். மோட்டார் ஓட ஓட உப்பு மேலே வருவது இதனால்தான். காலையில் மோட்டார் போட்டதும் பிடித்த பாட்டில் நல்ல தண்ணீரைக் காட்டும். ஒரு மணி நேரம் ஓடியபின் பிடித்தது வேறு கதை சொல்லும். ஆகவே பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிப்பது மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, அதுவும் சித்திரை வைகாசியில் ஒருமுறை, மழை முடிந்து தையில் ஒருமுறை என்று இருக்க வேண்டும். அறிக்கையில் மொத்த உப்பு மட்டும் இருந்தால் பயனில்லை. சோடியம், குளோரைடு, பைகார்பனேட், கால்சியம், மெக்னீசியம், போரான் ஆறும் வேண்டும். சோடியம் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், ஒரே கரைசலைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சி முறைக்கு அனுமதியுங்கள். அதற்கு மேலே என்றால் ஆர்.ஓ.வோ மழைநீரோ இல்லாமல் சுழற்சி முறை ஓடாது. தென்னைநார்க் கழிவுப் பைகளில் வடிநீரை வெளியே விடும் முறைக்கு மாறுவது நல்லது.

மழைநீரை முதலில் பாருங்கள். ஊருணி வெட்டி மழையைத் தேக்கிக் குடித்த மாவட்டம் இது. 100 சதுர மீட்டர் கூரையில் 400 மி.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 32,000 லிட்டர் கிடைக்கும். மேலே சொன்ன ஆயிரம் செடிப் பண்ணைக்கு அது ஏழு மாதத் தண்ணீர். நிழல்வலையில் மழை பிடிக்க முடியாது, பாலித்தீன் கூரையோ வீட்டு மாடியோ வேண்டும். கடல்காற்றில் கூரை மேல் உப்புப் படிந்திருக்கும் என்பதால் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டியை மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் பாசி பிடிக்கும், ஆவியாகியும் போகும். கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்தத் தொட்டிக்குத் திருப்பினால் பண்ணைக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்காது. ஆர்.ஓ. வைத்தால், உள்ளே போகும் தண்ணீரில் பாதி அளவு இன்னும் உப்பேறிய கழிவாக வெளியே வரும். அதற்கும் இடம் காட்டச் சொல்ல வேண்டும்.

அடுத்தது அமிலம். பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில் பி.எச். ஓயாமல் ஏறும். காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால், அதை 50க்கு இறக்க 1,000 லிட்டருக்கு 60 சதவீத நைட்ரிக் அமிலம் ஏறத்தாழ 385 மி.லி. வேண்டும். அதே வேலையை 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தால் செய்தால் 340 மி.லி. போதும், ஆனால் அதனோடு லிட்டருக்கு 155 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேர்ந்துவிடும். செடிக்கு வேண்டியது 40. மிஞ்சிய பாஸ்பரஸ் இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்கு எட்டாமல் ஆக்கிவிடும். கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது, பி.எச். 6 ஆனதும் திருப்தியாகிவிடும். காரத்தன்மையை உடைக்க நைட்ரிக், அன்றாடச் சிறு திருத்தத்துக்கு மட்டும் பாஸ்பாரிக் என்று வைத்துக்கொள்ளலாம். நைட்ரிக்கில் இருந்து லிட்டருக்கு 70 மில்லிகிராம் நைட்ரஜன் வருவதால் பொட்டாசியம் நைட்ரேட்டில் ஒரு பங்கைப் பொட்டாசியம் சல்பேட்டாக மாற்ற வேண்டும். இந்த வேலையைத் தனித் தொட்டியில், உரம் சேர்க்கும் முன்பே முடிப்பது நல்லது. கருவியின் அமில டிரம்மில் அடர் அமிலம் கூடாது. இருபது மடங்கு நீர்த்து வைக்க வேண்டும். எப்போதும் தண்ணீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கடற்கரைக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை எந்த விளம்பரக் கையேடும் சொல்வதில்லை. பி.எச். சென்சாரின் கண்ணாடிக் குமிழ் மிக மிக அதிக மின்தடை உள்ளது, நூறு மெகாஓமும் அதற்கு மேலும் போகும். அந்த மெல்லிய சைகை கம்பி இணைப்பு வழியாகப் பெட்டிக்குப் போகிறது. உப்புக்காற்றின் ஈரம் அந்த இணைப்புக்குள் ஒரு படலமாகப் படிந்தால் சைகை கசிந்துபோகும். கசிந்தால் கருவி காட்டும் எண் 7. கண்ணாடி விரிசல் விட்டாலும் 7தான். கருவிக்கு 6 என்று சொல்லி வைத்திருக்கிறோம். அது 7ஐப் பார்க்கிறது, அமிலம் ஊற்றுகிறது, மீண்டும் பார்க்கிறது, 7, மீண்டும் ஊற்றுகிறது. தொட்டியில் உண்மையான பி.எச். 3.5க்கு இறங்கினாலும் திரையில் 7 நிற்கும். காலையில் வேர் பழுப்பாகிக் கிடக்கும்.

இதைத் தடுக்க ஒரு நிபந்தனை போதும்: மூன்று முறை அமிலம் ஊற்றியும் எண் 0.1 கூட இறங்கவில்லை என்றால் கருவி பம்ப்பை நிறுத்தி எச்சரிக்க வேண்டும். இந்த நிபந்தனை இல்லாத கருவியை ஏற்க வேண்டாம். இணைப்பு முனை பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் இருக்க வேண்டும், கம்பிகள் பெட்டியின் அடிப்புறமாக நுழைய வேண்டும். பெட்டி, தூசியும் பீய்ச்சும் நீரும் புகாத ஐ.பி.65 தரத்துக்குக் குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் சென்சாரை, பி.எச். 4.01இல் நிலையாக நிற்கும் பஃபர் கரைசலில் முக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 4க்கு வர வேண்டும்.

ஈ.சி. சென்சாருக்கும் இதே மாதிரி ஒரு பயம் உண்டு. தொட்டியில் மட்டம் இறங்கி சென்சார் காற்றில் தொங்கினால் அது 0 காட்டும். நிமிடத்துக்கு 100 மி.லி. தள்ளும் பம்ப் எட்டு மணி நேரம் ஓடினால் 48 லிட்டர். ஓர் இரவில் டிரம் காலி, தொட்டியின் ஈ.சி. 10ஐ நெருங்கும். ஒரு நாளுக்குச் செலவாகும் கரைசல் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாத பண்ணையில் 3 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தால் இந்த விபத்து நடக்காது. மட்டம் காட்டும் மிதவை சுவிட்சும் வேண்டும். ஒரு நிமிடம் ஊற்று, பத்து நிமிடம் கலக்கவிடு, பிறகு பார் என்ற ஒழுங்கும் வேண்டும். முதலில் உரம், கலந்தபின் அமிலம், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. மின்சாரம் போய் வந்ததும் முதல் பத்து நிமிடம் சுழற்சி மோட்டார் மட்டும் ஓட வேண்டும். தேங்கி நின்ற தண்ணீரில் சென்சார் காட்டும் எண்ணை நம்பி ஊற்றக் கூடாது.

மின்தடையைப் பற்றி இன்னொன்று. குழாயில் மெல்லிய படலமாக ஓடும் என்.எஃப்.டி. முறையில் சித்திரை வெயிலில் மோட்டார் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் செடி துவண்டுவிடும். இன்வெர்ட்டர் கருவிக்கு மட்டும் இருந்து மோட்டாருக்கு இல்லாமல் போவதுண்டு. திரை எரியும், செடி காயும். மின்வெட்டு அதிகமுள்ள இடங்களில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் முறையையோ தென்னைநார்ப் பைகளையோ பரிந்துரையுங்கள். கரைசலின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டாமல் பார்க்கத் தொட்டியைப் புதைக்கலாம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் 7.5தான். வேரழுகல் அங்கே தொடங்கும்.

வெப்பம் அளவையும் குழப்பும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஈ.சி. ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். வெப்பத் திருத்தம் இல்லாத மலிவான சென்சார், 33 டிகிரிக் கரைசலில் 1.8ஐ 2.1 என்று காட்டும். பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற அலகையும் அறிக்கைகளில் ஏற்க வேண்டாம். ஒரே கரைசல் ஒரு மீட்டரில் 900, இன்னொன்றில் 1,260 என்று காட்டும், இரண்டுமே அவற்றின் கணக்குப்படி சரி. மில்லிசீமன்ஸ் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரே தொட்டியில் பி.எச்., ஈ.சி. இரண்டும் இருப்பதால் அவற்றின் மின்சுற்றுகள் ஒன்றுக்கொன்று தனித்திருக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தியதும் பி.எச். எண் துள்ளினால், மோட்டாரில் இருந்து தண்ணீருக்குள் மின்கசிவு இருக்கிறது. அது மனிதருக்கும் ஆபத்து, உடனே மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை அளவுத்திருத்தம். பி.எச். சென்சாரை 7.00, 4.01 பஃபர்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈ.சி. சென்சாரை 1.413 மில்லிசீமன்ஸ் கரைசலில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பி.எச். சென்சாரைக் காய விடக் கூடாது, வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் வைக்கக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். டோசிங் பம்ப்பின் ரப்பர் குழாய் நாளடைவில் தளரும். மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் ஓடவிட்டு அளவு உருளையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீரை அளந்து உரம் ஊற்றும் முறைக்கு இது மிக முக்கியம், பம்ப் பொய் சொன்னால் கணக்கு முழுவதும் பொய்யாகும்.

1.413 கரைசலைக் கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. சுத்தமான, உலர்ந்த பொட்டாசியம் குளோரைடு 0.746 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 25 டிகிரியில் சரியாக ஒரு லிட்டராக்கினால் அதுதான் அந்தக் கரைசல். துல்லியமான தராசும் அளவுக் குடுவையும் உள்ள எந்த ஆய்வகமும் செய்யலாம். இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உப்பும் பயிரும் பற்றி இந்த மாவட்டத்தில் கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே மாதம் ஒரு நாளை மண்ணில்லாப் பண்ணைகளுக்கு ஒதுக்கிக் கொடுக்கத் துறை கேட்டுக்கொள்ள வேண்டும். விவசாயி தன் தொட்டிக் கரைசலில் அரை லிட்டரும் சென்சாரும் கொண்டு வரட்டும். கரைசலில் சோடியம், பொட்டாசியம், நைட்ரேட், கால்சியம் பார்த்துக் கொடுங்கள், சென்சாரைச் சரிபார்த்துக் கொடுங்கள். 7 மி.லி. போதுமா, 8 வேண்டுமா என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும், வேறு எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

வரும் அறிக்கைகளில் ஏற்கெனவே ஈ.சி. கருவி எழுதப்பட்டிருந்தால் அதை நிராகரிக்க வேண்டியதில்லை. தண்ணீர் மீட்டர் ஒன்றைச் சேர்த்து, நிரலை மாற்றி, நாளொன்றின் உச்சவரம்பையும் மூன்று முறை அமில நிபந்தனையையும் எழுதிக் கொடுக்க விற்பவரைக் கேளுங்கள். நிரலைத் திறக்க மாட்டேன் என்று சொல்பவரின் கருவி மட்டும் வேண்டாம். நேரில் பார்வையிட வரும் அலுவலர் கையில் ஒரு சிறிய ஈ.சி. மீட்டரும் 4.01 பஃபர் பாட்டிலும் இருக்கட்டும். கருவியின் திரையைப் படம் எடுக்கும் முன், மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய போர்வெல் தண்ணீரின் ஈ.சி.யை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் மண்ணில்லாப் பண்ணைகளின் கருவிகளைப் பராமரிப்போர்